அம்புகள் போய்ச் சேரும் புள்ளி

நவம்பர் 4, திங்கள்

வந்து சேர்ந்துவிட்டேன். மலைப்பாதையில் எத்தனையோ வளைவுகள். மலைவாழ் பெண் பிள்ளைகளுக்கான உண்டு உறைவிடப் பள்ளி. பிள்ளைகள் இங்கேயே தங்கிப் படிக்கிறார்கள். எனக்கு எட்டாம் வகுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். மற்ற வகுப்புகளுக்கும் கணக்கு நான்தான்.

தலைமையாசிரியை வத்சலா நல்லவராகத் தெரிகிறார். "ஆரணியில சொந்த வீடு, வீட்டுக்காரருக்கு பேங்க் வேலை. நடு வருசத்துல ஏம்மா இந்த மலைக்கு மாத்தல் கேட்டு வந்தீங்க?" என்றார். மலைக்காற்று உடம்புக்கு நல்லது என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னேன். விடுதி வார்டன் ரேவதி, "பசங்க எத்தனை டீச்சர்?" என்று கேட்டாள். குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டேன்.

எனக்குக் கொடுத்த அறை பிள்ளைகள் படுக்கும் கூடத்தை ஒட்டியது. முன்பு வார்டன் இருந்த அறையாம். ஓதம் அடிக்கிறது என்று அவள் எதிர்க் கட்டடத்துக்கு மாறிவிட்டாள். சுவரைத் தடவிப் பார்த்தேன். காய்ந்துதான் இருக்கிறது.

நவம்பர் 5, செவ்வாய்

துணி துவைத்தேன். வெயிலே இல்லை, காயவில்லை. பாஸ்கர் பேங்கிலிருந்து போன் செய்தார். சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

நவம்பர் 6, புதன்

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அமைதியானவர்கள். அளவுக்கு மீறிய அமைதி. ஆரணியில் எட்டாம் வகுப்பை அடக்க எனக்குத் தொண்டை வற்றும். இங்கே சுண்ணக்கட்டி உரசுகிற சத்தம்தான் கேட்கிறது.

வருகைப் பதிவு எடுக்கும்போது ஒன்று கவனித்தேன். அகர வரிசையில் பெயர்கள். சரண்யா "உள்ளேன் மிஸ்" என்றதும் அடுத்து தீபாவை அழைத்தேன். தீபா உடனே பதில் சொல்லவில்லை. ஒரு மூச்சு விடுகிற நேரம் கழித்துத்தான் சொன்னாள். திங்கட்கிழமையும் அப்படித்தான். காது மந்தமோ என்று அருகில் போய் மெல்லக் கூப்பிட்டுப் பார்த்தேன். சட்டென்று திரும்பினாள்.

காலையில் விடியும் நேரத்தில் யாரோ என் கதவைத் தட்டினார்கள். எழுந்து திறப்பதற்குள் யாரையும் காணோம்.

நவம்பர் 7, வியாழன்

இன்றும் தட்டினார்கள். மூன்று தட்டு, இடைவெளி, மறுபடி மூன்று. திறந்தால் பனிதான் நிற்கிறது.

நவம்பர் 8, வெள்ளி

புள்ளியியல் பாடம் தொடங்கினேன். புத்தகத்தில் இருப்பது கிரிக்கெட் ஓட்டங்களும் மாத மழை அளவும். பிள்ளைகளுக்கு அதில் ஒட்டவில்லை. எனவே அவர்களையே தரவாக எடுத்துக்கொண்டேன். "உங்களுக்குப் பக்கத்துல யாரு உக்காரணும்னு ஆசையோ, அந்த ரெண்டு பேரு பேரை எழுதுங்க. யாருக்கும் காட்ட வேணாம்" என்றேன். இதை வைத்து வகுப்பில் இடம் மாற்றிப் போடலாம், கூடத்தில் படுக்கைகளையும் மாற்றலாம் என்பது என் எண்ணம்.

கொஞ்ச நேரம் யாரும் எழுதவில்லை. பிரேமாதான் கை தூக்கினாள். வகுப்பில் வாய் திறக்கிற ஒரே பெண். "யாரு பேரு வேண்ணாலும் எழுதலாமா மிஸ்?"

"யாரு பேரு வேண்ணாலும்."

அவ்வளவுதான், எல்லாரும் குனிந்து எழுதினார்கள்.

நவம்பர் 9, சனி

சீட்டுகளை முதலில் அட்டவணையாக எழுதினேன். இடப்பக்கம் எழுதியவள், வலப்பக்கம் அவள் கேட்ட இருவர். அட்டவணையில் எதுவும் தெரியவில்லை, பெயர்கள், பெயர்கள். பிறகு சார்ட் தாளைத் தரையில் விரித்துப் படமாக வரைந்தேன். ஒரு பிள்ளைக்கு ஒரு புள்ளி. யாரைக் கேட்டாளோ அவளை நோக்கி ஒரு அம்பு. பத்து அம்பு வரைவதற்குள் தாள் பேசத் தொடங்கிவிட்டது. பிரேமாவும் சரண்யாவும் ஒருவரை ஒருவர் கேட்டிருக்கிறார்கள், இருபுறமும் அம்பு. ஒரே ஊர்ப் பிள்ளைகள் மூலையில் ஒரு கொத்தாக நிற்கிறார்கள்.

செவ்வந்தி என்று ஒரு பெண். ஏறக்குறைய பாதி வகுப்பு அவளைத்தான் கேட்டிருக்கிறது. அவள் புள்ளியை ஓரத்தில் போட்டிருந்தேன். அம்புகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு தாள் முழுக்கச் சிக்கலாகிவிட்டது. வேறு தாள் எடுத்து அவளை நடுவில் வைத்ததும் படம் தானாகப் பிரிந்து அழகாக விரிந்தது.

அதன் பிறகுதான் பார்த்தேன். செவ்வந்தியிடமிருந்து ஒரு அம்புகூட வெளியே போகவில்லை. அவள் சீட்டு என்னிடம் இல்லை. வருகைப் பதிவைப் புரட்டினேன். அந்தப் பெயரும் இல்லை.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையாக இருக்கும்.

இன்னொரு புள்ளி, கீழே ஓரத்தில். காசியம்மா. அவளை யாருமே கேட்கவில்லை. அவள் சீட்டில் இரண்டு பெயருக்குப் பதில் ஒரே பெயர். செவ்வந்தி.

நவம்பர் 11, திங்கள்

ஒன்பதாம் வகுப்பில் செவ்வந்தி இல்லை. பத்திலும் இல்லை.

தலைமையாசிரியை அறைக்குப் போய்ச் சார்ட்டை மேசைமேல் விரித்தேன். இது யார் என்று கேட்டேன். வத்சலா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொள்ளவில்லை.

"அந்தப் பொண்ணு ஆகஸ்ட்ல தவறிடுச்சும்மா. காய்ச்சல். வார்டன் அன்னிக்கு ராத்திரியே வண்டி வெச்சிக் கூட்டிட்டுப் போனாங்க. வழியிலயே முடிஞ்சிடுச்சு. பசங்க பயந்துடக் கூடாதுன்னு பேரை அடிச்சிட்டு, ரிஜிஸ்டரையே புதுசா எழுதினோம். அவ பேச்சையே எடுக்கக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கோம். இப்பத்தான் கொஞ்சம் மறந்திருக்காங்க. நீங்க வந்து..." என்று சார்ட்டைச் சுருட்டி என் கையில் கொடுத்தார். "கிழிச்சிப் போட்டுடுங்க. அடுத்த வாரம் இன்ஸ்பெக்ஷன் வேற இருக்கு."

என்ன காய்ச்சல் என்று கேட்கவில்லை. அவராகச் சொன்னார். ரத்தத்தில் எது எத்தனை ஆயிரமாகக் குறைந்தது என்றும் சொன்னார். அந்த எண்ணை நான் இங்கே எழுதப் போவதில்லை.

தீபா ஏன் காத்திருக்கிறாள் என்று புரிந்துவிட்டது. அகர வரிசையில் சரண்யாவுக்கு அடுத்து செவ்வந்தி. அவள் பதில் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருக்கிறாள்.

நவம்பர் 12, செவ்வாய்

சார்ட்டைக் கிழிக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

சாப்பாட்டு வரிசையில் பிள்ளைகள் தரையில் உட்காரும்போது நடுவில் ஒரு ஆள் இடம் விட்டு உட்காருகிறார்கள். அந்த இடைவெளிக்கு அந்தப் பக்கம், தனியாக, காசியம்மா. பிள்ளைகளுக்கு அவள் காசி. இத்தனை நாள் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். படம் வரைந்த பிறகுதான் கண்ணில் பட்டது.

பிரேமாவைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். காசிகூட ஏன் யாரும் சேருவதில்லை?

சுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னாள். "அவ செவ்வந்திகூட ஒரே போர்வையில படுத்திருந்தா மிஸ். அன்னிக்கும். அதான் செவ்வந்தி அவளாண்டவே இருக்கா. காசி தூக்கத்துல பேசறது காசி இல்ல."

"நீயும் செவ்வந்தி பேரத்தானே எழுதின? அவ வந்தா பயமா?"

"பயந்தான் மிஸ்." கொஞ்சம் யோசித்தாள். "ஆனா அவ நல்லா பாடுவா."

நவம்பர் 13, புதன்

பாஸ்கர் போன். ஆரணி வீட்டில் அந்த அறையில் மழை ஒழுகியிருக்கிறதாம், சாமான்களை வெளியே எடுத்துவிட்டு வெள்ளையடிக்க வேண்டுமாம். "எத்தனை நாளைக்கு சுகந்தி பூட்டியே வெக்கறது?" என்றார். ஒழுகட்டும் என்றேன். அவர் அந்தப் பக்கம் அழுதார் என்று நினைக்கிறேன். எனக்கு விடைத்தாள் திருத்த வேண்டியிருந்தது.

நவம்பர் 14, வியாழன்

குழந்தைகள் தினம். ஆளுக்கு ஒரு லட்டு. நான் வாங்கிக்கொள்ளவில்லை.

நவம்பர் 15, வெள்ளி

இன்று விடியுமுன்பே எழுந்து கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். முதல் தட்டிலேயே திறந்தேன்.

காசி. வெறுங்காலோடு, போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு நின்றாள். ஓடவில்லை. தூங்கி நடக்கிறாளோ என்று நினைத்தேன். கண் தெளிவாக இருந்தது.

"என்னம்மா? உடம்பு சரியில்லையா?" நெற்றியில் கை வைத்தேன். சூடு இல்லை. மறுபடியும் வைத்துப் பார்த்தேன். சூடு இல்லை.

"ஒண்ணும் இல்ல மிஸ். தொறப்பீங்களான்னு பாத்தேன்."

"தட்டினா தொறக்க மாட்டேனா?"

அவள் என் கதவையே பார்த்தாள். "அன்னிக்குத் தொறக்கல மிஸ்" என்றாள். "ரொம்ப நேரம் தட்டினேன். கை வீங்கிச்சி. அப்புறந்தான் பாத்தேன், வெளிய பூட்டு தொங்கிச்சி."

உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்தேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். செவ்வந்திக்குக் காய்ச்சல் ஏறி மூச்சு வாங்கியபோது வார்டன் இங்கே இல்லை. யாரிடமும் சொல்லாமல் கீழே தன் வீட்டுக்குப் போயிருந்தாள். காவல்காரர் வெளிவாசலைப் பூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் படுத்திருந்தார். கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லை. விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் வண்டி வந்தது. அதற்குப் பிறகு, ராத்திரியே கூட்டிப் போனதாகச் சொல்ல வேண்டும் என்று பிள்ளைகள் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

"அவங்க அம்மாவுக்கும் அதான் சொல்லியிருக்காங்க மிஸ். அவங்களுக்குத் தெரியாது."

டீ போட்டுக் கொடுத்தேன். குடிக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டு சூடு ஆறும்வரை இருந்தாள். ஏதாவது செய்கிறேன் என்றேன். என்ன செய்வேன் என்று அவள் கேட்கவில்லை.

நவம்பர் 16, சனி

வத்சலாவிடம் பேசினேன். மறுக்கவில்லை, அதுதான் எனக்கு அதிர்ச்சி. "தெரியும்மா. ரேவதிக்கு ரெண்டும் சின்னப் பிள்ளைங்க. புருசன் இல்ல. வேலை போச்சுன்னா தெருவுலதான் நிக்கணும். செத்த பிள்ளை திரும்பி வரப் போவுதா? அந்த அம்மாவுக்கு, எல்லாரும் ஓடியாடிப் பாத்தாங்க, விதின்னு ஒரு ஆறுதலாவது இருக்கு. அதையும் பிடுங்கணுமா?" என்றார்.

எழுந்து வந்துவிட்டேன். அவர் சொன்னது முழுக்கத் தப்பு என்று இந்த நிமிடம்கூட என்னால் எழுத முடியவில்லை. ஒரு தாய்க்கு எது ஆறுதல் என்று வத்சலாவுக்கு எப்படித் தெரியும்?

நவம்பர் 18, திங்கள்

காசியைக் காணவில்லை.

காலை வணக்கத்துக்கு வரவில்லை. படுக்கை சுருட்டி வைத்திருந்தது. வார்டன் ரேவதி பித்துப் பிடித்தவள் போல அங்கும் இங்கும் ஓடினாள். வத்சலா கிணற்றடிக்கு ஆள் அனுப்பினார். காவல்காரர் கொக்கியை விட்டுத் துழாவினார். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

அறைக்கு வந்து சார்ட்டை விரித்தேன். காசியின் புள்ளியிலிருந்து ஒரே ஒரு கோடுதான் போகிறது. அவள் போவதற்கு வேறு எந்த இடமும் அந்தத் தாளில் இல்லை. பிரேமாவை இழுத்து வந்து, செவ்வந்திக்கு எந்த ஊர் என்று கேட்டேன். ஈச்சங்காடு. காட்டுக்குள் நடந்தால் ஒரு முற்பகல் தூரம், வண்டியில் என்றால் சாலையில் சுற்றிக்கொண்டு போகவேண்டும். பால் வண்டிக்காரரைக் கெஞ்சி ஏறிக்கொண்டேன்.

(மீதியை நாளை எழுதுகிறேன். காசி பத்திரமாக இருக்கிறாள்.)

நவம்பர் 19, செவ்வாய்

ஊர் எல்லையில் ஒரு சாமை வயல், அதைத் தாண்டி ஓட்டு வீடு. வாசலில் காசி உட்கார்ந்து கேழ்வரகுக் களி தின்றுகொண்டிருந்தாள். அவள் சாப்பிட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் செவ்வந்தியின் அம்மா சடையம்மா. என்னைவிட வயது குறைவு. முள் கிழித்திருந்த காசியின் காலில் மஞ்சள் அப்பிக்கொண்டிருந்தாள்.

நான் யார் என்று சொன்னேன். எழுந்திருக்கவில்லை.

"இந்தப் பொண்ணு சொல்லுது, ராவெல்லாம் கதவத் தட்டிச்சாம். யாரும் தொறக்கலியாம். நெசமா டீச்சர்?"

"நெசந்தாம்மா."

"ராவோட ராவா வண்டியில இட்டுனு போனோம்னு சொன்னாங்களே. பெரிய டீச்சர் எங்கையப் புடிச்சிகினு சொன்னாங்களே."

அவள் கை, காசியின் கணுக்காலைப் பிடித்தபடியே நின்றது. பிறகு என்னைப் பார்க்காமல் காசியைக் கேட்டாள். "கூப்ட்டாளா?"

காசி களியை விழுங்கிவிட்டுத் தலையாட்டினாள். "உங்களத்தான் கூப்ட்டா. நான், இதோ வராங்க, இதோ வராங்கன்னு சொல்லிகினே இருந்தேன். தலைய எம்மடியில வெச்சிகினா. அப்புறம் பாட்டு கேட்டா. எனக்குப் பாட்டு வராது. தெரிஞ்ச வரைக்கும் பாடினேன்."

சடையம்மா கத்தி அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் காசியை இழுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டாள். "தனியா இல்ல" என்றாள். "எம்பொண்ணு தனியாப் போகல." அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். "மூணு மாசமா எனக்குத் தூக்கமில்ல டீச்சர். வண்டியில யாரு மடியில படுத்திருந்தாளோ, எப்டி இருந்தாளோன்னு. யாருமே சொல்லல. யாரைக் கேக்கறதுன்னும் தெரியல."

கொஞ்ச நேரம் கழித்து என்னிடம், "நீங்க ஏன் டீச்சர் இப்டி அழுவறீங்க?" என்று கேட்டாள். நான் அழுதுகொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

எனக்கும் கொஞ்சம் களி வைத்தாள். சாப்பிட்டேன்.

நவம்பர் 20, புதன்

சடையம்மாவும் அவள் கணவரும் பள்ளிக்கு வந்தார்கள். வத்சலா அறைக்கதவு வெகுநேரம் மூடியே இருந்தது. நான் மாவட்ட அலுவலகத்துக்கு நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். எழுதும்போது ரேவதியின் இரண்டு பிள்ளைகள் நினைவுக்கு வராமல் இல்லை. இருந்தும் அனுப்பினேன்.

வெளியே வந்தபோது ரேவதி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். "எம்பையனுக்கு வலிப்பு டீச்சர். அன்னிக்கு போன் வந்துச்சு. லீவு கேட்டா குடுக்க மாட்டாங்கன்னு ஓடிட்டேன்" என்றாள். "நீங்க ஒரு அம்மாவா இருந்தா..." என்று ஏதோ சொல்ல வந்தாள். நான் நிற்கவில்லை.

நவம்பர் 21, வியாழன்

யாரும் கதவைத் தட்டவில்லை. வழக்கமான நேரத்துக்கு விழித்துக்கொண்டு, தட்டுவதற்காகக் காத்திருந்தேன்.

நவம்பர் 25, திங்கள்

விசாரணைக்கு அதிகாரி ஒருவர் வந்தார். பிள்ளைகளைத் தனித்தனியே கூப்பிட்டுக் கேட்டார். சொல்லிக்கொடுத்த பாடத்தை ஒருத்திகூட ஒப்பிக்கவில்லையாம். ரேவதியைத் தற்காலிகமாக நீக்கியிருக்கிறார்கள். வத்சலா மேல் விசாரணை தொடரும். அவர் என்னோடு பேசுவதில்லை. சுற்றறிக்கைகளை ஆள் மூலம் அனுப்புகிறார். எனக்கும் வேறு ஊருக்கு மாற்றல் வரலாம் என்று அலுவலகத்தில் பேச்சு.

சாயங்காலம் சடையம்மா கூடத்துக்கு வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்தாள். முதலில் யாரும் கிட்டே போகவில்லை. அவளாகவே, "செவ்வந்தி எங்க படுப்பா?" என்றாள். அந்தப் பெயரைச் சத்தமாகக் கேட்டதும் கூடம் முழுக்க ஒரு சலசலப்பு. காட்டினார்கள். அங்கேயே காலை நீட்டி உட்கார்ந்தாள். சரண்யா போனாள், தீபா போனாள், பிறகு யார் யார் என்று தெரியவில்லை. ஒருத்தி செவ்வந்தி பாடிய பாட்டைத் தொடங்கினாள், நடுவில் அடி மறந்துவிட்டது. ஆளுக்கு ஒரு அடியாகச் சொல்லிச் சேர்த்தார்கள். காசி அந்த வட்டத்துக்குள்தான் இருந்தாள். பிரேமாவின் முழங்கால் அவள்மேல் இடித்துக்கொண்டிருந்தது.

நவம்பர் 27, புதன்

பாஸ்கரை நானே கூப்பிட்டேன். நிறைய நேரம் பேசினோம். எதைப் பற்றி என்று எழுதத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.

நவம்பர் 29, வெள்ளி

பிள்ளைகள் சார்ட்டைப் பார்க்க வேண்டும் என்றார்கள். யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. பிரேமாவாகத்தான் இருக்கும். பழையதைக் காட்டவில்லை. அது அவர்கள் எனக்குத் தனியாகச் சொன்னது. புதுத் தாள் எடுத்துக்கொண்டு, "இப்ப எல்லாரும் பாக்கவே போடலாம்" என்றேன்.

பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டுத் தரையில் தாளை விரித்தோம். ஒவ்வொருத்தியும் தன் புள்ளியைத் தானே வைத்தாள், தன் அம்பைத் தானே வரைந்தாள். செவ்வந்தி நடுவில்தான் இருக்கிறாள். யாரும் அவளை நகர்த்தவில்லை, நானும் நகர்த்தச் சொல்லவில்லை. ஆனால் இந்த முறை அவளைச் சுற்றியிருந்தவர்களுக்குள்ளேயும் கோடுகள் ஓடின. தீபாவின் அம்பு காசிக்குப் போனது. காசி அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. தன் சட்டையின் முனையைச் சரிசெய்தாள்.

"நீங்களும் எழுதுங்க மிஸ்" என்றாள் சரண்யா.

"நான் டீச்சர்."

"யாரு பேரு வேண்ணாலும் எழுதலாம்னு சொன்னீங்க?"

எல்லாரும் பார்த்தார்கள். பென்சிலை வாங்கினேன். ஓரத்தில் எனக்கு ஒரு புள்ளி வைத்தேன். கை நின்றது. பிறகு எழுதினேன்: தாரிணி.

அந்த எழுத்துகளை மார்ச் மாதத்துக்குப் பிறகு நான் எங்கேயும் எழுதியதில்லை. இங்கேயும்.

"யாரு மிஸ் தாரிணி?"

"என் பொண்ணு."

"எந்தக் கிளாஸ் மிஸ்?"

"ஏழாவது."

"அடுத்த வருசம் எட்டாவதா?"

"இல்ல" என்றேன். "ஏழாவதுதான்."

மற்ற பிள்ளைகளுக்குப் புரிந்ததா என்று தெரியாது. காசி என் கையிலிருந்து பென்சிலை எடுத்துக்கொண்டாள். தாள்மேல் குனிந்து, இடம் தேடுவதுபோல அங்கும் இங்கும் பார்த்தாள்.

"புள்ளிய எங்க வெக்கறது மிஸ்?" என்றாள். "செவ்வந்தி பக்கத்துல வெக்கட்டுமா?"